சிறு மின்மோட்டார்களைச் சோதித்தறியும் முறை

கரிசற் பூமியில் சிறு மின்மோட்டார் நுழையாத தொழில் இன்று அரிது. நெசவாளர் வீட்டில் தார் சுற்றும் ராட்டையிலும், தையற்பொறியிலும், விவசாயியின் கைத்தெளிப்பானிலும், கிணற்றடியிலும் அது சுழன்று கொண்டிருக்கிறது. அதனுடன் ஒரு புதிய ஆர்வமும் நம் இளைஞர்களிடையே வளர்ந்து வருகிறது. பழைய மோட்டாரைப் பிரித்துச் சுருளை மாற்றிக் கட்டுவதும், கப்பியின் அளவை மாற்றிப் பார்ப்பதும், கண்டென்சரைக் கூட்டியும் குறைத்தும் சோதிப்பதும் பல ஊர்களில் ஓய்வு நேரப் பொழுதுபோக்காகிவிட்டன. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் சோதனை என்ற பெயரால் செய்யப்படுவன யாவும் சோதனையாகிவிட மாட்டா. காலையில் ஒரு மோட்டாரையும் மாலையில் மற்றொன்றையும் ஓட்டி, சத்தத்தைக் கேட்டு, "இதுவே மேல்" என்று கூறுவது ஊகமேயன்றி அளவையன்று.

இதனைச் சங்க அங்கத்தினர்கள் ஏன் கற்க வேண்டும் என்ற ஐயம் எழலாம். நாற்பது அங்கத்தினர்களுக்குத் தார் சுற்றும் மோட்டார் வாங்க ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழு கூடுகிறது என்று கொள்வோம். ஒரு வியாபாரி வந்து, "எங்கள் மோட்டாருக்குப் பாதி மின்சாரமே போதும், விலைதான் சற்றுக் கூடுதல்" என்கிறார். உள்ளூர் இளைஞர் ஒருவர், தாம் சுருள் மாற்றிக் கட்டிய பழைய மோட்டார் அதைவிடச் சிறந்தது என்கிறார். குழு யாரை நம்புவது? செலவாகப்போவது அங்கத்தினர்களின் பங்குப் பணமும் கடன் பணமும் ஆகும். அளந்து பாராமல் தீர்மானம் நிறைவேற்றினால், கணக்குப் புத்தகம் சரியாக இருந்தபோதிலும் காரியம் சரியாக இராது. ஆகவே, கையிலுள்ள எளிய கருவிகளைக் கொண்டு, யார் செய்தாலும் ஒரே விடை வரும் வகையில் சோதிப்பது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

வரலாறு கூறுவது

1821-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே மின்னோட்டத்தால் ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலச் செய்து காட்டினார். மின்மோட்டாரின் பிறப்பு அதுவே. அதே ஆண்டில் பிரான்சு தேசத்துப் பொறியியல் அறிஞர் புரோனி என்பார், சுழலும் அச்சின் வலுவை அளக்க ஒரு தடைக் கருவியை அமைத்தார். மோட்டாரின் கருவும் அதை அளக்கும் கோலும் ஏறத்தாழ இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தன எனலாம்.

நம் நாட்டில் மின்மோட்டாரின் வரலாறு கோயம்புத்தூருடன் பிணைந்தது. 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடிக்காதவர். இளமையில் கண்ட மோட்டார் சைக்கிள் ஒன்றின் மீது ஆசை கொண்டு, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அதனை வாங்கிப் பிரித்துப் பார்த்துக் கற்றவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய மோட்டாரே இந்தியாவில் ஆக்கப்பெற்ற முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுகிறது. நம் தென்பகுதிக்கோ 1944-இல் இயங்கத் தொடங்கிய பாபநாசம் நீர்மின் நிலையம் மின்சாரத்திற்கு வழி வகுத்தது. பிரித்துப் பார்க்கும் ஆவல் எவ்வளவு பெரிய தொழிலுக்கு வித்தாகும் என்பதற்கு நாயுடு சான்று. அந்த ஆவலுடன் அளவையும் சேர்ந்தாலன்றி ஆக்கிய பொருள் சந்தையில் நிலைத்து நிற்காது.

முதல் விதி: கேள்வி ஒன்றே

"எந்த மோட்டார் நல்லது?" என்பது விடையில்லாக் கேள்வி. "40-ஆம் நம்பர் நூல் ஒரு கிலோவைச் சிட்டத்திலிருந்து தார் சுற்ற எந்த மோட்டாருக்குக் குறைந்த மின்சாரம் போதும்?" என்பது விடையுள்ள கேள்வி. நூல் அறுதல் எதில் குறைவு, இரண்டு மணி நேரம் ஓடியபின் எது அதிகம் சுடும் என்பனவும் அத்தகையனவே. ஒரு சோதனைக்கு ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, தொடங்குமுன் அதனைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். முடிவு தெரிந்தபின் கேள்வியை மாற்றிக்கொள்வது, அறுவடைக்குப்பின் எல்லைக்கல்லை நகர்த்துவதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் விதி: ஒன்றை மட்டும் மாற்றுக

இரு மோட்டார்களை ஒப்பிடுங்கால், மோட்டாரைத் தவிர மற்ற யாவும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பெரும்பாலான சோதனைகள் தவறுவது இங்கேதான். கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது மின்னழுத்தம். இண்டக்ஷன் மோட்டாரின் முறுக்கு விசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் பத்து சதவீதம் இறங்கி 207 ஆனால், முறுக்கு விசை நூற்றுக்கு 81 ஆகிவிடும். ஊரெல்லாம் விளக்கேற்றும் மாலை வேளையில் ஒரு மோட்டாரையும், நடுப்பகலில் மற்றொன்றையும் சோதித்தால் நாம் அளப்பது மோட்டாரையன்று, மின்கம்பியையே. ஒவ்வோர் ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வோல்ட்டைக் குறிக்க வேண்டும். இரு ஓட்டங்களுக்கிடையே ஐந்து வோல்ட்டுக்குமேல் வேறுபாடு காணின் அவ்வோட்டத்தைத் தள்ளிவிட்டு மீண்டும் செய்வது நலம்.

இரண்டாவது சூடு. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செண்டிகிரேடுக்கும் நூற்றுக்குச் சுமார் 0.4 பங்கு உயரும். 40 டிகிரி சூடேறிய சுருளின் தடை, குளிர்ந்த நிலையில் இருந்ததைவிட ஏறக்குறைய 16 சதவீதம் மிகும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் ஓடும் மோட்டாரும், மார்கழிக் காலையில் திண்ணையில் ஓடும் மோட்டாரும் ஒன்றல்ல. ஆதலின் அளக்குமுன் ஒவ்வொரு மோட்டாரையும் அதற்குரிய சுமையுடன் ஓடவிட்டு, உடற்கூட்டின் சூடு மேலும் ஏறாமல் நிலைத்த பின்பே அளவெடுக்க வேண்டும். சிறு மோட்டாருக்கு அரைமணி முதல் ஒரு மணி வரை ஆகலாம்.

மூன்றாவது சுமை. வெறுமனே சுழலும் மோட்டாரைக் கண்டு அதன் திறனைச் சொல்ல முடியாது. எந்த மோட்டாருக்கும் தனக்குரிய சுமையை நெருங்கும்போதே திறன் மிகும். மிகக் குறைந்த சுமையில் திறன் பெரிதும் சரிந்துவிடும். சிறு வேலைக்குப் பெரிய மோட்டாரைப் பூட்டுவது வீண் என்பது இதனால்தான்.

நான்காவது இணைப்பு உறுப்புகள். கப்பி, பெல்ட், பெல்ட்டின் இறுக்கம், பேரிங்கில் இட்ட எண்ணெய், சுற்றும் ராட்டை ஆகியன மாறக்கூடா. புதிய மோட்டாருடன் புதிய பெல்ட்டையும் மாட்டிவிட்டு, கிடைத்த நன்மை முழுவதையும் மோட்டாரின் கணக்கில் எழுதுவது முறையன்று.

மின்செலவை அளத்தல்

வீட்டிலுள்ள மின்னணு மீட்டரே நல்ல சோதனைக் கருவி. அதன் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று அச்சிடப்பட்டிருக்கும். ஒரு சிறு சிவப்பு விளக்கு அதற்கேற்ப விட்டுவிட்டு ஒளிரும். எடுத்துக்காட்டாக 3,200 என்றிருப்பின், ஒரு துடிப்பு என்பது 1,000-ஐ 3,200-ஆல் வகுக்கக் கிடைக்கும் 0.3125 வாட்-மணி. மற்ற எல்லா விளக்குகளையும் சாதனங்களையும் நிறுத்திவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டி எண்ணும்போது ஒரு நிமிடத்தில் 16 துடிப்புகள் வந்தால், செலவு 5 வாட்-மணி. அதாவது மோட்டார் 300 வாட் இழுக்கிறது. மிகச் சிறிய மோட்டாராயின் ஒரு நிமிடம் போதாது. பத்து நிமிடம் எண்ண வேண்டும். இதற்காக மீட்டரைத் தொடவோ, முத்திரையை அசைக்கவோ தேவையில்லை. கண்ணும் கடிகாரமும் போதும்.

இங்கே ஒரு பொதுவான மயக்கத்தைத் தெளிவாக்க வேண்டும். ஆம்பியரை அளந்து வோல்ட்டால் பெருக்கி, அதனை வாட் என்று எழுதுகிறார்கள். பாட்டரியில் ஓடும் தெளிப்பான் மோட்டாருக்கு அது சரி. மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்கு அது தவறு. அங்கே மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே கணத்தில் உச்சத்தை எட்டுவதில்லை. எனவே பெருக்கி வரும் தொகையில் ஒரு பகுதியே உண்மையான வேலைக்குரியது. ஒரு கண்டென்சரை வெளியே இணைத்தால் ஆம்பியர் மீட்டரின் முள் இறங்கும். ஆனால் வீட்டு மீட்டர் கணக்கிடும் யூனிட்டு ஏறக்குறைய மாறாது. சந்தையில் "மின்சேமிப்புப் பெட்டி" என்று விற்கப்படுவனவற்றுள் பலவற்றின் உள்ளிருப்பு இத்தகைய கண்டென்சரே. முள் இறங்குவதைக் காட்டிப் பணம் பெறுகின்றனர். துடிப்பை எண்ணத் தெரிந்த அங்கத்தினர் இதில் ஏமாற மாட்டார்.

வலுவை அளத்தல்: கயிற்றுத் தடை

மோட்டார் உள்வாங்கும் மின்சாரத்தை அறிந்தோம். அது வெளியே தரும் வலுவை அறிய, புரோனியின் கருவியினின்று வந்த கயிற்றுத் தடை போதும். கப்பியின் மேல் ஒரு கயிற்றைச் சுற்றி, ஒரு முனையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, மறுமுனையை வில்தராசில் மாட்ட வேண்டும். கப்பி எடைக்கல்லைத் தூக்க முயலும் திசையில் சுழல வேண்டும். எடையிலிருந்து தராசு காட்டுவதைக் கழித்தால் கிடைப்பதே நிகரச் சுமை. பின்வரும் வாய்பாட்டை மனத்தில் கொள்க:

நிகரச் சுமை (கிலோ) × ஆரம் (மீட்டர்) × நிமிடச் சுற்று × 1.03 = வாட்.

ஆரம் என்பது கப்பியின் ஆரத்துடன் கயிற்றின் பாதிக் கனத்தையும் சேர்த்தது. எடைக்கல் 3 கிலோ, தராசு காட்டுவது அரைக் கிலோ எனில் நிகரம் 2.5 கிலோ. ஆரம் 5 செண்டிமீட்டர், அதாவது 0.05 மீட்டர். சுற்று 1,440. இம்மூன்றையும் பெருக்க 180 வரும், 1.03-ஆல் பெருக்கச் சுமார் 185 வாட். 746 வாட் ஒரு குதிரைத்திறன் ஆதலின் இது கால் குதிரைத்திறனுக்குச் சமம். அதே வேளையில் மீட்டர் 300 வாட் காட்டினால், திறன் 185-ஐ 300-ஆல் வகுக்க, நூற்றுக்கு 62. எஞ்சிய 38 பங்கு சூடாகப் போகிறது. கயிறு விரைவில் சுடும் ஆதலின் ஒரு முறைக்கு ஒரு நிமிடத்திற்கு மேல் தடையிட்டு நிறுத்தலாகாது.

வேலையைக் கொண்டு அளத்தல்

சங்கத்திற்கு மிகவும் பயன்படுவது இந்த முறையே. எடை போட்ட நூல், ஒரே நம்பர், ஒரே ராட்டை, ஒரே கைப்பழக்கமுள்ள அங்கத்தினர் என்று வைத்துக்கொண்டு, ஒரு கிலோ நூலுக்கு ஆகும் வாட்-மணியைக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு மோட்டாரையும் மும்முறையேனும் ஓட்ட வேண்டும். பழையதை மூன்று முறை ஓட்டி முடித்து, பிறகு புதியதை மூன்று முறை ஓட்டுவது தகாது. நேரம் ஆக ஆக வெப்பமும் மின்னழுத்தமும் சுற்றுபவரின் சோர்வும் மாறும். பழையது, புதியது, புதியது, பழையது, பழையது, புதியது என மாற்றி மாற்றி ஓட்டினால் அம்மாற்றங்கள் இரண்டின் மீதும் சமமாக விழும்.

கணக்கிற்காகச் சில எண்களைக் கற்பித்துக்கொள்வோம். பழைய மோட்டார் 52, 54, 53 வாட்-மணி எடுத்தது, சராசரி 53. வியாபாரியின் மோட்டார் 50, 55, 51 எடுத்தது, சராசரி 52. இதிலிருந்து புதியது மேல் என்று கூறலாமா? கூறலாகாது. அந்த மோட்டாரின் சொந்த எண்களுக்குள்ளேயே 5 வேறுபாடு இருக்க, இரண்டின் சராசரிக்கும் இடையே உள்ளது 1 மட்டுமே. "வேறுபாடு காணப்படவில்லை" என்பதே நேர்மையான விடை. இளைஞர் கட்டிய மோட்டார் 44, 45, 43 எடுத்ததாகக் கொள்வோம், சராசரி 44. இங்கே வேறுபாடு 9. எண்கள் ஒன்றையொன்று நெருங்கியும் நிற்கின்றன. இம்மோட்டார் குறைந்த மின்சாரம் கொள்கிறது என்று துணிந்து கூறலாம்.

ஆயினும் கணக்கு இத்துடன் முடியவில்லை. மாதம் 200 கிலோ நூல் சுற்றுமிடத்தில் கிலோவுக்கு 9 வாட்-மணி மிச்சமானால், மொத்தம் 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட்டு! இத்துணைச் சிறு மிச்சத்திற்காக மோட்டார் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாமா என்பதைக் குழு எண்ண வேண்டும். 2023-ஆம் ஆண்டு மார்ச்சில் தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதங்களுக்கான இலவச மின்சாரம் 300 யூனிட்டாகவும், விசைத்தறியாளர்க்கு 1,000 யூனிட்டாகவும் உயர்த்தப்பட்டது. இலவச வரம்பிற்குள் நிற்கும் வீட்டில் இந்த மிச்சம் காசாகவும் மாறாது. அவ்விடத்தில் நூல் அறுதல், பேரிங்கின் ஆயுள், பழுது பார்க்க ஆள் கிடைத்தல் ஆகியவையே முதலிடம் பெறும். உண்மையான வேறுபாடு வேறு, பயனுள்ள வேறுபாடு வேறு என்பதை இச்சோதனை கற்பிக்கிறது.

கிணற்றடியில்

சாகுபடி செய்யும் அங்கத்தினர்கள் சிறு பம்பைச் சோதிக்க 200 லிட்டர் பீப்பாய் ஒன்றும் கடிகாரமும் போதும். பீப்பாய் நிறைய 250 விநாடி ஆனால் விநாடிக்கு 0.8 லிட்டர். நீர்மட்டத்திலிருந்து குழாய் வாய் வரை நேர் உயரம் 20 மீட்டர் எனில், 0.8 × 20 × 9.81 = 157 வாட் நீரைத் தூக்கும் வேலை. மீட்டர் 600 வாட் காட்டினால், மோட்டாரும் பம்பும் குழாயும் சேர்ந்த திறன் நூற்றுக்கு 26. இங்கே ஓர் எச்சரிக்கை. நம் வறண்ட பூமியில் இறைக்க இறைக்க நீர்மட்டம் இறங்கும், உயரம் மாறும். ஒவ்வொரு பீப்பாய்க்கும் முன்பும் பின்பும் கல் கட்டிய கயிற்றால் நீர்மட்டத்தை அளந்து எழுதாத சோதனை பயனற்றது.

கயத்தாறு காட்டும் வழி

முறையான சோதனைக்கு எடுத்துக்காட்டுத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாற்றில், சென்னையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் உள்ளது. காற்றாலை என்பது தலைகீழாக வேலை செய்யும் மோட்டார்: மின்சாரம் கொடுத்துச் சுழற்சி பெறுவதற்கு மாறாகச் சுழற்சி கொடுத்து மின்சாரம் பெறுவது. காற்றோ நம் கட்டுப்பாட்டில் அடங்காதது. அப்படியிருந்தும் உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட விதியின்படி அதனை அளக்கிறார்கள். காற்றாலையின் நடுக்குடத்தின் உயரத்திற்குக் கம்பம் நட்டுக் காற்றின் வேகத்தைக் குறிப்பார்கள். பத்து நிமிடச் சராசரியையே ஓர் அளவாகக் கொள்வார்கள். வேகத்தை விநாடிக்கு அரை மீட்டர் வீதம் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் பல அளவுகள் சேரும் வரை காத்திருப்பார்கள். வெப்பத்தால் காற்றின் அடர்த்தி மாறுவதையும் கணக்கிட்டு, கன மீட்டருக்கு 1.225 கிலோ என்ற பொது அடர்த்திக்குத் திருத்துவார்கள். அதனால்தான் டென்மார்க்கில் அளந்ததையும் கயத்தாற்றில் அளந்ததையும் ஒரே தாளில் வைத்து ஒப்பிட இயலுகிறது. மாற்ற இயலாததை அளந்து எழுது, பலமுறை அளந்து சராசரி காண், பொது நிலைக்குத் திருப்பிப் பார் என்ற அம்மூன்று பாடங்களும் நம் திண்ணைச் சோதனைக்கும் பொருந்தும்.

பதிவேடும் சாட்சியும்

சோதனைக்கென ஒரு நோட்டுப் புத்தகம் சங்கத்தில் இருத்தல் வேண்டும். தேதி, நேரம், மோட்டாரின் தகட்டில் உள்ள விவரம், வோல்ட், காற்றின் வெப்பம், சுமை, ஓடிய நேரம், துடிப்பு எண்ணிக்கை, அளந்தவர் கையொப்பம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் இடுக. பிடிக்காத எண்ணை அழிக்கக்கூடாது. ஒரு கோடிட்டு, தள்ளிய காரணத்தைப் பக்கத்தில் எழுத வேண்டும். ரொக்கப் புத்தகத்திற்கு நாம் வைத்திருக்கும் நெறியே இதற்கும் உரியது.

மோட்டாரைக் கொண்டுவந்தவரே மீட்டரைப் படிப்பது தகாது. ஒருவர் மோட்டாரை மாட்டட்டும். துடிப்பை எண்ணுபவருக்கு ஓடுவது எந்த மோட்டார் என்று தெரியாதிருக்கட்டும். இதில் எவர் மீதும் ஐயப்பாடு இல்லை. தாம் உழைத்துக் கட்டிய மோட்டார் வெல்ல வேண்டும் என்ற ஆசை நல்லவர் கண்ணையும் சற்றுச் சாய்க்கும். கடைசியாக, வேறொரு சங்கத்தார் அதே முறையில் செய்து பார்க்கும்போது அதே விடை வருகிறதா என்பதே உரைகல்.

பாதுகாப்பு

எர்த் இணைப்பு இல்லாத மோட்டாரைச் சோதிக்கலாகாது. கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் பொருத்திய இணைப்பிலேயே செய்க. வேட்டி நுனி, சேலைத் தலைப்பு, கூந்தல் ஆகியன கப்பிக்கருகே செல்லலாகாது. நிறுத்திய பின்னும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும்; வெறுங்கையால் தொடாதீர். தையற்பொறி மோட்டார்களில் கார்பன் உரசும் இடத்தில் தீப்பொறி பறக்கும். பஞ்சுத் தூசு படிந்த அறையிலும், நம் பகுதியில் மிகுதியாகவுள்ள தீப்பெட்டி வேலை நடக்கும் இடத்தருகிலும் அத்தகைய மோட்டாரை ஓட்டிப் பார்ப்பது பேராபத்து.

முடிவுரை

1844-ஆம் ஆண்டு டிசம்பரில் ராச்டேல் நகரத்து முன்னோடிகள் கடை திறந்தபோது, அவர்களுள் நெசவாளர் பலர் இருந்தனர். கலப்படமற்ற பண்டம், குறையாத எடை என்பதே அவர்கள் தந்த உறுதி. கூட்டுறவு இயக்கம் நேர்மையான தராசின் மீது எழுந்தது. தராசின் இடத்தில் இன்று மீட்டரும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆர்வமுள்ள இளைஞரின் சோதனையைச் சங்கம் புறக்கணிக்கவும் வேண்டா, கண்மூடி ஏற்கவும் வேண்டா. முறையைக் கற்பித்து, நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, வந்த விடையைப் பேரவையின் முன் வைக்கச் செய்தால், அவருடைய ஆர்வம் அங்கத்தினர் அனைவருக்கும் சொத்தாகும்.

படிப்பு வட்டத்திற்கான வினாக்கள்

1. உங்கள் வீட்டு மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு? உங்கள் ராட்டை மோட்டார் எத்தனை வாட் இழுக்கிறது?

2. ஆம்பியர் குறைந்தும் யூனிட்டு குறையாமல் இருப்பது ஏன்?

3. ஒரு மோட்டாரின் மூன்று அளவுகள் 60, 70, 62. மற்றொன்றினுடையவை 61, 63, 62. எது சிறந்தது என்று கூற முடியுமா? மேலும் என்ன செய்ய வேண்டும்?

4. உங்கள் சங்கம் கடைசியாக வாங்கிய இயந்திரம் எந்தச் சோதனையின் பேரில் வாங்கப்பட்டது? தீர்மானப் புத்தகத்தைப் பார்த்து விடை கூறுக.